நெஞ்சில் இரண்டு தட்டு

நடுநிசி தாண்டிய நேரம். ஆஸ்பத்திரியின் பின்வாசலிலிருந்து பெரிய சாலைக்குப் போகிற ஒற்றை ரோடு. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் டயர் கிடங்கு. மறுபக்கம் நீளமாக ஒரு மதில்… அது முடியும் இடத்தில் விளக்கே இல்லாத ஒரு வளைவு. அந்த வளைவில் ஒரே ஒரு கார் மெதுவாகத் திரும்புகிறது. ஓட்டுபவள் ஒரு டாக்டர். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறாள். காரில் அவளைத் தவிர யாரும் இல்லை.

டொக்… டொக்…

பின்சீட்டிலிருந்து யாரோ அவளுடைய சீட்டின் முதுகில் விரல் முட்டியால் தட்டினார்கள். இரண்டே தட்டு. கூடவே கிராம்பு வாசனை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு முன்னால் எரிச்சல் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"இங்கயும் வந்துட்டியா? ஆஸ்பத்திரியில பண்றது பத்தலையா உனக்கு?"

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஜன்னலை யாராவது சாத்துங்கள். பயிற்சிப் பொம்மைகள் மேல் போர்த்தியிருக்கிற துணி காற்றில் அசைகிறது, அதைப் பார்த்தால் எனக்கே கதை தடுமாறுகிறது. கரண்ட் இப்போதைக்கு வராது, எல்லாரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாளைக் காலையில் நீங்கள் எல்லாரும் அந்தப் பொம்மைகளில்தான் கை பழகப் போகிறீர்கள். அவசரப் பிரிவு டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய கைவேலைகள்… நரம்பில் ஊசி, நெஞ்சில் குழாய், தொண்டையில் குழாய், கடைசியாகக் கழுத்தில் கத்தி. பொம்மை செத்துப் போகாது, தைரியமாகப் பழகலாம். இந்தக் கதையில் வருகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இது என் தோழியின் நாத்தனாருக்கு நடந்தது. தோழி இதைச் சொன்னபோது அவள் புருஷனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. கழுத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

நாத்தனார் படிப்பில் கெட்டி. எந்த மருந்து எத்தனை மில்லி, எந்த எலும்புக்குக் கீழே எந்த நரம்பு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் கை… கை மட்டும் கடைசி நேரத்தில் யோசிக்கும். ஊசி முனை தோலைத் தொட்டதும் ஒரு சின்னத் தயக்கம். அவ்வளவுதான். அதற்குள் நரம்பு நழுவிவிடும். நர்ஸ்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ஏட்டுச் சுரைக்காய். அப்படிப்பட்ட பெயர்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பதில்லை. அவள் காதுக்கும் வந்து சேர்ந்தது.

அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் இன்னொருத்தி. அவளுக்கு வைத்த பெயர் கைராசிக்காரி.

இடக்கைப் பழக்கம் அவளுக்கு. கத்தி, கத்தரி, ஊசி, எல்லாம் இடது கையில்தான். அதனால் அவள் போடும் தையலில் முடிச்சுகள் மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். தூக்கம் வராமலிருக்கக் கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பாள். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வேலையைத் தொடங்கும் முன்னாலும் நோயாளியின் நெஞ்செலும்பில் விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுவாள். டொக், டொக். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள்.

"அடுத்தவங்க உடம்பு. திறந்த வீட்டுல நாய் நுழையற மாதிரி நுழைஞ்சிட முடியுமா? தட்டிட்டுத்தான் போகணும்."

தட்டுவாள், உள்ளே போவாள், வேலை முடிந்திருக்கும். யாருக்கும் கிடைக்காத நரம்பு அவளுக்கு எழுந்து வந்து நிற்கும். தோள்பட்டை நழுவி அலறிக்கொண்டு வருகிறவன் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்கும்… தோள் இருந்த இடத்துக்குப் போயிருக்கும். வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் டிரைவர்கூட உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு யாரு டியூட்டி, அவங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்ட்ரெச்சரை இறக்குவான். அவள் இல்லை, நாத்தனார்தான் என்று தெரிந்தால் ஸ்ட்ரெச்சரில் கையை வைத்தபடி இன்னொரு தடவை உள்ளே எட்டிப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் குத்தும்.

நாத்தனாருக்கு வயிறு எரிந்தது. ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்தவள் அழகைப் பார்த்து எரிந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். அடுத்தவள் வீட்டைப் பார்த்து எரிந்தால் அந்தத் தெருப்பக்கம் போகாமலிருக்கலாம். அடுத்தவள் கையைப் பார்த்து எரிந்தால் எங்கே போவது? பக்கத்துக் கட்டிலில் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த லாரி கிளீனர் வந்த நாள்தான் பொறுக்க முடியாததாகிவிட்டது.

முகமே நசுங்கி வந்தவன். வாய், மூக்கு, எங்கே பார்த்தாலும் ரத்தம். தொண்டைக்குள் குழாய் போக வழியே இல்லை. மூச்சு அடைத்துக்கொண்டு வருகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கழுத்தின் முன்பக்கத்தில் குரல்வளை எலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அங்கே கத்தியால் திறந்து, நேராக மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த வேண்டும். எல்லா டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலை. முக்கால்வாசிப் பேர் ஆயுள் முழுக்க ஒரு தடவைகூடச் செய்திராத வேலை.

அன்று அந்தக் கட்டில் நாத்தனாருடையது. இடது கையால் குரல்வளையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். விரலால் பள்ளத்தைக் கண்டுபிடித்தாள். சரியான இடம். வலது கையில் கத்தி. முனை தோலில் பட்டுவிட்டது.

ஒரு மூச்சு… இன்னொரு மூச்சு…

பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்தது. பக்கத்து மேஜைக்காரனிடம் பென்சில் வாங்குகிற மாதிரி அவள் விரல்களிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டது. டொக், டொக். ஒரு கீறல். உஸ்ஸ்… என்று காற்று வந்தது. அவன் பிழைத்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்து அவன் நடந்தே வந்தான். கைராசிக்காரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாத்தனார் பக்கத்தில் நின்றாள். அவன் அவளிடம், "சிஸ்டர், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, போட்டோ எடுக்கணும்" என்றான்.

அன்றிலிருந்து நாத்தனாருக்கு ஒரே நினைப்பு. அவள் மட்டும் கத்தியை வாங்காமல் இருந்திருந்தால் நான் போட்டிருப்பேனா, மாட்டேனா? வீட்டில் சாப்பிடும்போது திடீரென்று அண்ணியிடம் சொல்வாள். அண்ணி என்றால் என் தோழிதான். "அரை நிமிஷம் விட்டிருந்தா நான்தான் போட்டிருப்பேன் அண்ணி. இடத்தைக் கண்டுபிடிச்சதே நான்தானே?" தோழியும், "ஆமாமா, நீதான்" என்பாள். உண்மையில் போட்டிருப்பாளா என்று நாத்தனாருக்கே தெரியாது, அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வருஷமே கைராசிக்காரி செத்துப் போனாள்.

இரவு டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் அதே ஒற்றை ரோட்டில் போயிருக்கிறாள். வளைவில் விளக்குப் போடாமல் ஒரு லாரி நின்றிருந்தது. அவசரப் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

நாத்தனாருக்குப் போனில் செய்தி வந்தது. முதலில் அவள் என்ன உணர்ந்தாள் தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. ஒரே ஒரு விநாடி. அப்புறம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகையும் பொய்யில்லை, அந்த விநாடியும் பொய்யில்லை.

ஆனால் யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அது மாதிரி ஆகிவிட்டது. நரம்பு கிடைக்காத ஒவ்வொரு தடவையும் யாராவது பெருமூச்சு விட்டார்கள்: "அவங்க இருந்திருந்தா…" உயிரோடு இருப்பவளாவது என்றைக்காவது ஒருநாள் தவறுவாள் என்று காத்திருக்கலாம். செத்தவள் கை தவறவே தவறாது.

காரியமெல்லாம் முடிந்து ஆஸ்பத்திரி பழையபடி ஆன பிறகு ஒரு ராத்திரி. ஒரு கிழவர் வந்தார். வாந்தியும் பேதியுமாக உடம்பு வற்றிப்போய், கையில் ஒரு நரம்புகூடத் தெரியவில்லை. இரண்டு பேர் குத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் பெருமூச்சு விட வாயைத் திறந்தாள். நாத்தனார் அவளை முறைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

டொக்… டொக்…

கிழவரின் நெஞ்சில் சத்தம் கேட்டது. யாருமே தட்டவில்லை.

கிராம்பு வாசனை… ஸ்பிரிட் வாசனையையும் மீறிக்கொண்டு. அப்புறம் அவளுடைய விரல் மேல் இன்னொரு விரல் படிந்தது. ஈரத்துணி போட்ட மாதிரி சில்லென்று. ஊசி முனையை ஒரு நூல் அளவு கீழே சாய்த்தது. லேசாக உள்ளே தள்ளியது. கறுப்பாக ரத்தம் ஏறி வந்தது.

"டாக்டர்! உங்களுக்கும் கைராசி வந்துருச்சு!" என்று நர்ஸ் கை தட்டினாள்.

உங்களுக்கும். அந்த 'உம்' நாத்தனாரின் நெஞ்சில் ஊசி மாதிரி இறங்கியது. ஆனாலும் சிரித்து வைத்தாள்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. விலா எலும்புகளுக்கு நடுவில் நெஞ்சுக்குழாய் போடும்போது வழி காட்டியது. முதுகுத்தண்டில் ஊசி ஏற்றும்போது சரியான சந்தில் நிறுத்தியது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்? ஏட்டுச் சுரைக்காய் என்ற பெயர் மறைந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் அவளைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சரை இறக்கத் தொடங்கினான். பாராட்டு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பாராட்டும் யாருக்கோ வந்த பார்சலைத் தான் பிரித்துச் சாப்பிடுவது போல இருந்தது அவளுக்கு.

ஒருநாள் தையல் பிரிக்க ஒருவன் வந்தான். ஹெட் சிஸ்டர் அவன் புருவத்தைப் பார்த்தாள். எத்தனையோ டாக்டர்களைப் பார்த்துவிட்ட அம்மாள் அவள். இரவு டியூட்டி பற்றி யாராவது புலம்பினால், "பேய்க்கு வாக்கப்பட்டாச்சு, புளியமரம் ஏற மாட்டேன்னா எப்படி?" என்று கேலி செய்வாள். அன்று கேலி இல்லை.

"இது யார் போட்ட தையல்? முடிச்செல்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கே… அவங்க போட்ட மாதிரியே இருக்கு."

"நான்தான் போட்டேன் சிஸ்டர்."

ஹெட் சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் கையைப் பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று ராத்திரிதான் அந்த வளைவில் சீட்டின் முதுகில் தட்டுச் சத்தம் கேட்டது. முதலில் சொன்னேனே, அதுதான். அதுவரை ஆஸ்பத்திரியோடு நின்றது இப்போது வீடு வரைக்கும் வரப் பார்க்கிறது. நாத்தனார் காரை நிறுத்தினாள். இறங்கினாள். யாருமே இல்லாத ரோட்டில் நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எனக்கு நீ வேண்டாம்! தன் கையே தனக்கு உதவி. வர்றது வரட்டும், போறது போகட்டும், என் கையால நடக்கட்டும். நானா கூப்பிடற வரைக்கும் என் கையைத் தொடாதே. போ!"

டயர் கிடங்கின் தகரம் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. கிராம்பு வாசனை மெல்லக் கரைந்து போயிற்று.

அதற்கப்புறம் வரவில்லை. நாத்தனாரின் கை மறுபடியும் அவளுடைய கையாகிவிட்டது. பத்தில் ஏழு சரியாக வந்தது, மூன்று தவறியது. தவறும்போதுகூட அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். அது அவளே செய்த தவறு. அந்த நாட்களில் வீட்டில் பாட்டெல்லாம் முணுமுணுத்தாள் என்று தோழி சொல்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பொழுது சாய்ந்த நேரத்தில், தோழியின் புருஷன், அதாவது நாத்தனாரின் கூடப்பிறந்த அண்ணன், பரண் மேல் ஏறி எதையோ தேடியிருக்கிறான். அங்கே குளவிக்கூடு. கழுத்திலும் உதட்டிலும் கொட்டிவிட்டது. அவன், "ஒண்ணுமில்ல, சுண்ணாம்பு தடவினா சரியாயிடும்" என்றான். பேசி முடிப்பதற்குள் உதடு வடை மாதிரி… சிரிக்காதீர்கள், தோழியும் முதலில் சிரித்தாள். அப்புறம் அவன் மூச்சில் ஒரு சத்தம் கேட்டது. கீ… கீ… என்று, துருப்பிடித்த கீல் மாதிரி. சிரிப்பு நின்றுவிட்டது.

தோழிதான் கார் ஓட்டினாள். அதே ஒற்றை ரோடு, இருட்டிவிட்டது. வளைவு வரும்போது கீ சத்தம் மெலிந்துகொண்டே போயிற்று. சத்தம் குறைந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டாளாம், பாவம். உங்களுக்குத் தெரியும் அது நல்லதில்லை என்று.

டியூட்டியில் இருந்தது நாத்தனார்.

அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஆனால் கை வேலை செய்தது. தொடையில் ஊசி. இன்னொரு ஊசி. நரம்பில் மருந்து, முகத்தில் ஆக்சிஜன். எதற்கும் வீக்கம் மசியவில்லை. நாக்கு பெருத்து வாயை அடைத்துவிட்டது. தொண்டைக்குள் குழாய் போடப் பார்த்தாள். விளக்கை வைத்துப் பார்த்தால் சிவந்த ஈரச் சதையைத் தவிர எதுவும் தெரியவில்லை. மறுபடியும் பார்த்தாள். வழியே இல்லை. மயக்க மருந்து டாக்டர் மேல்மாடி ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். கூப்பிட்டாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார்… வந்துகொண்டே இருக்கிறார்.

அந்த மானிட்டர் சத்தம் உங்களுக்குத் தெரியும்தானே? ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாக இருந்தால் உச்சக்குரலில் பாடும். குறையக் குறையச் சுருதி இறங்கிக்கொண்டே வரும். டிங்… டிங்… டுங்… டுங்…

தோழியை வெளியே நிறுத்திவிட்டார்கள். அவள் கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட் சிஸ்டர் கத்தியை எடுத்து நாத்தனாரின் வலது கையில் வைத்தாள். நாத்தனார் இடது கையால் அண்ணனின் குரல்வளையைப் பிடித்தாள். சின்ன வயதில் அவள் தொங்கி விளையாடிய கழுத்து. விரல் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. சரியான இடம். முனை தோலில் பட்டது.

ஒரு மூச்சு… இன்னொரு மூச்சு…

கை நகரவில்லை.

அதே அரை நிமிஷம். இத்தனை நாளாக, அதை எனக்குக் கொடுத்திருந்தால் நான்தான் போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே அரை நிமிஷம். இப்போது முழுசாக அவள் கையில் இருக்கிறது. பிடுங்கிக்கொள்ள யாரும் இல்லை. கத்தி நகரவில்லை.

அப்போது கிராம்பு வாசனை வந்தது.

பக்கத்தில் வரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றது. கூப்பிடாமல் தொடாதே என்று சொல்லியிருந்தாளே… அது வாக்குத் தவறவில்லை. காத்துக்கொண்டு நின்றது.

நாத்தனாருக்கு அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்று அவளே பிற்பாடு அண்ணியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். கூப்பிட்டால் அண்ணன் பிழைத்துக்கொள்வான். ஆனால் என் அண்ணனும் அவள் பிழைக்க வைத்த ஆளாகிவிடுவான். இவனுமா? இவனையாவது எனக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா? சாகக் கிடக்கிற அண்ணன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அவள் அப்படித்தான் நினைத்தாள். வயிற்றெரிச்சல் என்றால் சும்மாவா?

"நானே போடுவேன்" என்றாள் சத்தமாக. ஹெட் சிஸ்டர், "போடுங்க டாக்டர்! போடுங்க!" என்றாள். டுங்… டுங்… துங்… அண்ணனின் உதடு நீலம் பாரித்தது. கால் விரல்கள் ஒரு தடவை விறைத்துத் தளர்ந்தன.

கண்ணாடி வழியாகத் தோழி பார்த்தாள். நாத்தனாரின் உதடு அசைந்தது. ஒரே ஒரு சொல். எங்கோ பார்த்துக்கொண்டு, தலை குனிந்து, பிச்சை கேட்பது போல.

"வா."

அவ்வளவுதான். குரல்வளையைப் பிடித்திருந்த அவளுடைய இடது கை, தானாகப் பிடியை விட்டது. மேலே வந்தது. வலது கையின் விரல்களிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டது. பக்கத்து மேஜைக்காரனிடம் பென்சில் வாங்குகிற மாதிரி.

கத்தியோடு மடங்கிய அந்த முட்டி, அண்ணனின் நெஞ்சில் தட்டியது. டொக், டொக்.

ஒரு கீறல். உஸ்ஸ்… ரத்தம் நுரைத்தது. குழாய் உள்ளே போயிற்று. மானிட்டர் ஒவ்வொரு சுருதியாக ஏறி மறுபடியும் உச்சக்குரலில் பாட ஆரம்பித்தது. மயக்க டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்து எட்டிப் பார்த்து, "அடேயப்பா, சுத்தமான வேலை!" என்றார். நாத்தனார் தன்னுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் கத்தியைப் பிடித்திருக்கிற மாதிரியே விரல்களைக் குவித்து வைத்திருந்தது.

அண்ணன் பிழைத்துவிட்டான். நல்லபடியாக இருக்கிறான், கழுத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும். அவசரப் பிரிவு முழுக்க நாத்தனார் பேச்சுதான். கூடப்பிறந்தவன் கழுத்தையே கை நடுங்காமல் திறந்தாள் என்று. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் அவளைத்தான் கைராசிக்காரி என்கிறார்கள். அவர்களுக்கு அதற்கு முன்னால் ஒருத்தி இருந்ததே தெரியாது. நாத்தனார் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஒன்றைத்தான் மறந்துவிட்டாள். போ என்று சொன்னபோது, கூப்பிடற வரைக்கும் என்று கெடு வைத்தாள். வா என்று சொன்னபோது கெடு எதுவும் வைக்கவில்லை.

அண்ணனைக் கவனித்துக்கொள்ள அவள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். தோழிதான் முதலில் கவனித்தாள். தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுக்கிறாள். கதவை இடது கையால் திறக்கிறாள். அண்ணன்கூடக் கேட்டான், குழாய் எடுத்த புதிதில், கரகரத்த குரலில்: "எப்பலேர்ந்து நீ இடக்கை?"

"பழகிட்டேன்ணே" என்றாள். கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

வலது கையோ நாளுக்கு நாள் மரத்துப்போய்க்கொண்டே வந்தது. காலையில் சட்டைப் பித்தானைக்கூட அதனால் போட முடிவதில்லை. இடது கை முந்திக்கொண்டு வந்து போட்டுவிடும். சில சமயம் வலது கையைத் தட்டிவிட்டுவிட்டுப் போடும். பொறாமை என்பது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா என்ன? கை இருக்கிறவளைப் பார்த்தால் கை இல்லாதவளுக்கு எரியாதா? தோழி இதைச் சொன்னபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஒரு ராத்திரி தோழி போர்வை கொடுக்க அவள் அறைக்குப் போனாள். நாத்தனார் நல்ல தூக்கத்தில் இருந்தாள், வாய் திறந்து, குறட்டைகூட வந்தது. இடது கை மட்டும் விழித்திருந்தது. அவளுடைய நெஞ்சின் மேல் படுத்துக்கொண்டு, முட்டியால் தட்டியது. டொக், டொக். கொஞ்சம் பொறுத்தது… யாராவது கதவைத் திறக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. மறுபடியும் டொக், டொக்.

மறுநாள் தோழி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படுக்கப் போகும்போது நாத்தனாரின் இடது மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துப் பேண்டேஜ் துணியால் கட்டிவிடுவது. தோழியே கட்டினாள். இறுக்கமாக, முடிச்சின் மேல் முடிச்சுப் போட்டு. வலது கையைத் தூக்கி நாத்தனாரின் வயிற்றின் மேல் வைத்துவிட்டு, விளக்கை அணைத்தாள். கதவை வெளியே பூட்டி, சாவியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

விடிந்ததும் போய்த் திறந்தாள்.

நாத்தனார் தூங்கிக்கொண்டிருந்தாள். அறையில் கிராம்பு வாசனை. கட்டு அப்படியே இருந்தது, கொஞ்சம்கூடத் தளரவில்லை.

ஆனால் கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது வலது கை. முடிச்சுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. விரல்கள் ஐந்தும் நீலம் பாரித்துப் போயிருந்தன.